ஹைட் பார்க் பேரக்ஸ், சிட்னி: தீவாந்திரம் வந்தவங்க படுத்துத் தூங்கின கட்டடம்

ரெண்டு மாசம் என்கூட இருக்கலாம்னு ஊர்ல இருந்து அப்பா வந்திருந்தாங்க, தூத்துக்குடி ஹார்பர்ல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க, அதனால எங்க போனாலும் கடலயும் கப்பலயும் பத்திதான் முதல்ல கேப்பாங்க. ஓபரா ஹவுஸ், பிரிட்ஜ், ப்ளூ மவுண்டன்ஸ்னு எல்லாரும் போற இடத்துக்கெல்லாம் போய் முடிச்சாச்சு. அதுல ஒருநாள் ஒரு டூர் பஸ்ல சிட்டி சுத்திப் பார்த்தோம் (எந்த கம்பெனின்னு சொல்லல), மெக்குவாரி ஸ்ட்ரீட்ல ஒரு பழைய செங்கல் கட்டடத்துக்கு முன்னாடி ரெண்டே நிமிஷம் நிறுத்திட்டு, இங்கதான் இங்கிலாந்துல இருந்து வந்த கொலைகாரங்க கொள்ளைக்காரங்க எல்லாம் இருந்தாங்கன்னு மைக்ல சொல்லிட்டு கிளம்பிட்டாங்க. எனக்கு அது மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. அந்தக் கட்டடம்தான் ஹைட் பார்க் பேரக்ஸ், அப்ப கைதிங்கள தங்க வச்சிருந்த இடம், இப்ப மியூசியம். அடுத்த வாரமே அப்பாவ கூட்டிட்டு அங்க போனேன். அதோட ரிவ்யூதான் இது. கட்டடத்த பத்தி மட்டும் சொன்னா பாதிதான் புரியும், அதுக்கு முன்னாடி நடந்த கப்பல் கதையயும் சேர்த்தே சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல வழி. செயின்ட் ஜேம்ஸ் ஸ்டேஷன்ல இறங்கினா நடக்கிற தூரம்தான். ஹைட் பார்க்கோட வடக்கு மூலைல எதிரெதிரா ரெண்டு பழைய கட்டடம் நிக்கும், ஒண்ணு செயின்ட் ஜேம்ஸ் சர்ச், இன்னொண்ணு இந்த பேரக்ஸ், ரெண்டயும் டிசைன் பண்ணது ஒரே ஆள், ஃபிரான்சிஸ் கிரீன்வே, அவரே ஒரு கைதி. மூணு மாடி, முன்னாடி முற்றம், நெத்தில ஒரு கடிகாரம். காலைல 10 மணிக்கு திறந்த உடனே உள்ள போயிட்டோம், கூட்டமே இல்ல. கழுத்துல மாட்டிக்க ஒரு சின்ன மெஷினும் ஹெட்போனும் குடுக்கிறாங்க, பட்டன் எதுவும் அமுக்க வேண்டியதில்ல, நீங்க எந்த ரூம்ல நிக்கிறீங்களோ அந்த ரூமுக்கான குரல் தானா காதுல ஆரம்பிக்குது, நடந்தா அடுத்தது வருது. சுவத்துல போர்டு படிக்கிற வேலையே பெருசா இல்ல. அப்பாவுக்கு அந்த இங்கிலீஷ் வேகமா இருந்துச்சு, அதனால நான் கேட்டு கேட்டு தமிழ்ல சொல்லிட்டே வந்தேன், ஒரு மணி நேரத்துல முடியும்னு நெனச்சது மூணு மணி நேரம் ஆச்சு.

டூர் பஸ்ல சொன்ன அந்த கொலைகாரங்க விஷயத்துக்கு வரேன். 1788ல இருந்து 1868 வரைக்கும் ஆஸ்திரேலியாவுக்கு பிரிட்டன் கப்பல் ஏத்தி அனுப்பின கைதிங்க 1,60,000 பேருக்கும் மேல. அதுல பெரும்பாலானவங்க செஞ்சது திருட்டுதான், அதுவும் துணி, சாப்பாடு, ஆடு, பாத்திரம்னு சின்னச்சின்ன திருட்டு. முதல் கப்பல் கூட்டத்துல ஜான் ஹட்சன்னு ஒரு பையன் இருந்தான், லண்டன்ல புகைக்கூண்டுக்குள்ள இறங்கி சுத்தம் பண்ற வேலை, ஒரு சட்டை, பட்டு காலுறை, துப்பாக்கி, ரெண்டு ஏப்ரன் திருடினான்னு கேஸ், அப்ப அவனுக்கு 9 வயசு. தண்டனை 7 வருஷ தீவாந்திரம், அதாவது கடல் தாண்டி நாடு கடத்தறது. கப்பல் ஏறும்போது வயசு 13. ஆஸ்திரேலிய 20 டாலர் நோட்டுல ஒரு அம்மா படம் இருக்குல்ல, மேரி ரீபி, அவங்களும் சின்ன வயசுல குதிரை திருடின கேஸ்ல 1792ல கப்பல்ல வந்து இறங்கினவங்கதான், பிடிபட்டப்ப ஆம்பளப் பையன் வேஷத்துல இருந்தாங்க. அப்புறம் சிட்னிலயே பெரிய வியாபாரியாகி சொந்தமா கப்பல் வச்சிருந்தாங்க. 1834ல இங்கிலாந்துல டோல்பட்ல்ங்கிற ஊர்ல இருந்து ஆறு விவசாயக் கூலிகள அனுப்பினாங்க, கூலி குறையுதுன்னு சங்கம் சேர்ந்து சத்தியம் பண்ணதுதான் அவங்க செஞ்ச குத்தம். இவங்க எல்லாரயும் ஒரே வார்த்தைல கொலைகாரங்கன்னு மைக்ல சொல்லிட்டு போறது நியாயமே இல்ல.

சரி, ஏன் இவ்வளவு தூரம் அனுப்பினாங்கன்னு அப்பா கேட்டாங்க. அதுக்கு முன்னாடி அமெரிக்காவுக்குத்தான் அனுப்பிட்டு இருந்தாங்க, 1718ல அதுக்குன்னே ஒரு சட்டம் போட்டு, சுமார் 50,000 பேர். அமெரிக்கா சண்ட போட்டு பிரிஞ்சதும் அந்த வழி அடைஞ்சிடுச்சு. ஜெயில் நிரம்பி வழிஞ்சுது, அதனால ஓட்டத்துக்கு ஒதவாத பழைய கப்பலுங்க பாய்மரத்த எடுத்துட்டு தேம்ஸ் ஆத்துல நிறுத்தி அதுக்குள்ள கைதிங்கள அடைச்சாங்க. ரெண்டு வருஷத்துக்கு மட்டும்னு 1776ல ஆரம்பிச்ச ஏற்பாடு 80 வருஷம் ஓடுச்சு. பகல்ல கரைல மண்ணு வெட்டுற வேலை, ராத்திரி திரும்ப கப்பலுக்குள்ள. ஆஸ்திரேலியா போற கப்பல் கெடைக்கிற வரைக்கும் மாசக்கணக்கா வருஷக்கணக்கா அங்கதான்.

முதல் கூட்டம் 11 கப்பல், 1787 மே 13ம் தேதி போர்ட்ஸ்மவுத்ல இருந்து கிளம்புச்சு, ஆர்தர் பிலிப் தலைமை. டெனரீஃப், ரியோ டி ஜெனிரோ, கேப் டவுன்னு நின்னு நின்னு எட்டு மாசத்துக்கும் மேல ஓடி 1788 ஜனவரில பாட்டனி பே வந்து, அங்க தண்ணி சரியில்ல மண்ணும் சரியில்லன்னு ஜனவரி 26ம் தேதி சிட்னி கோவ்ல இறங்கினாங்க. அங்கயே காலங்காலமா இருந்த கடிகல் பழங்குடி மக்களோட நிலம் அது. அடுத்த வருஷமே பெரியம்மை வந்து அந்த மக்கள்ல எவ்வளவோ பேர் செத்துப் போனாங்க. மியூசியத்துல இந்தப் பக்கத்தயும் மறைக்காம சொல்றாங்க, கைதிங்க வெட்டின ரோடும் திறந்த நிலமும் யாருக்கு சொந்தமா இருந்துச்சுன்னு அந்த மக்கள் பக்கத்துல இருந்தே கேக்க வைக்கிறாங்க, அது எனக்கு ரொம்ப முக்கியமா பட்டுச்சு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். முதல் கூட்டத்த பிலிப் ஓரளவுக்கு நல்லா பாத்துக்கிட்டார், துறைமுகம் வந்தப்பல்லாம் பச்சைக் காய்கறி, இறைச்சின்னு வாங்கிக் குடுத்தார், அவ்வளவு தூரத்துக்கு சாவு கம்மிதான். ரெண்டாவது கூட்டம் 1790ல வந்துச்சு பாருங்க, நெப்டியூன், சர்ப்ரைஸ், ஸ்கார்பரோன்னு மூணு கப்பல், அத நெனச்சா இன்னைக்கும் வயித்த பெசையுது. கான்ட்ராக்ட் எடுத்தது கேம்டன், கால்வர்ட் அண்ட் கிங்னு ஒரு கம்பெனி, அதுக்கு முன்னாடி அடிமை வியாபாரத்துல கப்பல் ஓட்டினவங்க. ஒரு கைதிக்கு 17 பவுண்ட் 7 ஷில்லிங் 6 பென்ஸ், ஏத்தின தலைக்கு. கவனிங்க, ஏத்தின தலைக்கு, இறக்கின தலைக்கு இல்ல. நடுக்கடல்ல ஒருத்தன் செத்தாலும் பணம் வந்துரும், செத்தா அவன் சோறும் மிச்சம், அந்த சரக்க கரைல வித்துக்கலாம். அடிமைக் கப்பல்ல போடுற அதே மாதிரி கால் விலங்கு, ரெண்டு கணுக்காலுக்கும் நடுவுல குட்டையா ஒரு இரும்புக் கம்பி, காலத் தூக்கி வைக்கக் கூட முடியாது. கீழ் தளத்துல தண்ணி ஏறி நனைஞ்சு கெடந்தாங்க. பக்கத்துல படுத்தவன் செத்துட்டா அவன் பங்கு சாப்பாடு கெடைக்கும்னு சொல்லாம மறைச்சு வச்சுக்கிட்டே படுத்திருந்தாங்களாம். மூணு கப்பலும் சேர்ந்து ஆயிரம் பேர் கிட்ட ஏறினதுல நாலுல ஒரு பங்கு வழிலயே போய்ட்டாங்க, நெப்டியூன்ல மட்டும் 150 பேருக்கு மேல. சிட்னில நின்னதும் ரிச்சர்ட் ஜான்சன்ங்கிற பாதிரியார் சர்ப்ரைஸ் கப்பலோட கீழ் தளத்துக்கு இறங்கிப் பார்த்து எழுதி வச்சிருக்கார், பாதிப் பேர் உடம்புல துணி இல்ல, எழுந்து உக்காரக் கூட தெம்பு இல்ல. மேல தூக்கிட்டு வந்தப்ப காத்து பட்டதும் அந்த இடத்துலயே செத்தவங்க இருக்காங்க. நெப்டியூன் கேப்டன் டொனால்ட் டிரெய்ல் மேலயும் அவருக்கு அடுத்த அதிகாரியான மேட் மேலயும் லண்டன்ல கொலை கேஸ் நடந்துச்சு, ரெண்டு பேரும் விடுதலை.

அப்பா இத கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "ஏம்மா, சரக்கு ஏத்தினாக் கூட போய் சேர்ற ஊர்ல எண்ணிப் பாத்துட்டுதான காசு குடுப்பாங்க" ன்னாங்க. முப்பது வருஷம் ஹார்பர்ல இருந்தவங்களுக்கு அதுதான் முதல்ல பட்டுச்சு. அந்தக் கேள்விய லண்டன்லயும் கேட்டாங்க, அப்புறம் ஒப்பந்தத்த மாத்தி, பணத்துல ஒரு பங்கு உயிரோட கரை சேர்ந்த ஆளுக்கு மட்டும்தான்னு ஆக்கினாங்க. சாவும் குறைஞ்சுது.

ஆனா அதோட முடியல. 1814ல திரும்பவும் மூணு கப்பல், ஜெனரல் ஹியூவிட், த்ரீ பீஸ், சர்ரி. மூணுலயும் நோயால சாவு, சர்ரில டைஃபஸ் காய்ச்சல் பேன் மூலமா பரவி கொத்துக் கொத்தா செத்தாங்க, கேப்டனே செத்துட்டார், வழில எதிர்ப்பட்ட இன்னொரு கப்பல்ல இருந்து ஒரு ஆள் வந்து ஓட்டிட்டு வந்து சேர்த்தார். இத விசாரிச்சு அறிக்கை எழுதச் சொல்லி கவர்னர் மெக்குவாரி கேட்டது வில்லியம் ரெட்ஃபெர்ன்ங்கிற டாக்டர்கிட்ட. அவரும் கைதியா வந்தவர்தான்! 1797ல தேம்ஸ் ஆறு கடல்ல சேர்ற நோர் பக்கம் கடற்படை மாலுமிங்க கலகம் பண்ணப்ப அவர் ஒரு கப்பல்ல சின்ன டாக்டரா இருந்தார், ஒத்துமையா இருங்கப்பான்னு மாலுமிகளுக்கு சொன்னதுக்காக மரண தண்டனை, அப்புறம் வயச பார்த்து குறைச்சு சிட்னிக்கு அனுப்பிட்டாங்க. கைதிக் கப்பல் எப்படி இருக்கும்னு அவர் கேட்டு எழுதல, அப்படி ஒண்ணுல வந்தவர். காத்து வரணும், படுக்கைய தினமும் வெளில போடணும், உடம்பும் துணியும் சுத்தமா இருக்கணும், கைதிங்கள மேல் டெக்குக்கு விடணும், எல்லாத்துக்கும் மேல கேப்டனுக்கு அடங்கிப் போகாத ஒரு கடற்படை டாக்டர் ஒவ்வொரு கப்பல்லயும் வேணும்னு எழுதினார். 1815ல இருந்து அப்படியே ஆச்சு. அந்த டாக்டருங்க தினக்குறிப்பு எழுதணும், ஆளுங்கள நல்லபடியா கொண்டு சேர்த்தா அவங்களுக்கு பணம் உண்டு. எலுமிச்சை சாறும் சக்கரையும் குடுத்து ஸ்கர்வி (வைட்டமின் சி குறைஞ்சு வர்ற நோய்) வராம பாத்துக்கிட்டாங்க, சில டாக்டருங்க கப்பல்லயே எழுதப் படிக்க சொல்லிக் குடுத்தாங்க. சாவு நூத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு இறங்கிடுச்சு. ஒரு கைதி எழுதின அறிக்கையால எத்தன ஆயிரம் பேர் உயிரோட வந்து இறங்கியிருப்பாங்க!

அதுக்காக சொகுசுன்னு நெனச்சிடாதீங்க. கீழ் தளத்துல ஆறடிக்கு ஆறடி பலகை, அதுல நாலு பேர். ஒரு ஆளுக்கு ஒன்றரை அடி, அதாவது ஒரு முழம், நம்ம ஊர்ல பூக்காரம்மா கைய நீட்டி அளந்து குடுப்பாங்கல்ல அதே ஒரு முழ அகலத்துல நாலு மாசம். புயல் அடிச்சா மேல கதவ மூடிடுவாங்க, இருட்டு, வாந்தி, தண்ணி.

இப்ப கட்டடத்துக்கு வரலாம். நான் முதல்ல சொன்ன ஃபிரான்சிஸ் கிரீன்வே, பிரிஸ்டல்ல கட்டடக் கலைஞரா இருந்து ஒரு பத்திரத்துல போலியா எழுதிச் சேர்த்த கேஸ்ல 14 வருஷ தண்டனை வாங்கினவர், 1814ல அந்த ஜெனரல் ஹியூவிட் கப்பல்லதான் சிட்னிக்கு வந்தார். சாவு விழுந்த அந்த மூணு கப்பல்ல ஒண்ணுல வந்தவர் வரைஞ்ச கட்டடம் இது. இது தெரிஞ்சப்புறம் மாடிப்படி ஏறினா, அந்த பெரிய பெரிய ஜன்னலயும் காத்து வர்ற உயரமான ரூமையும் பார்க்கிற பார்வையே மாறிடுது. 1819ல திறந்தாங்க. அதுக்கு முன்னாடி சிட்னில கைதிங்க அங்கங்க வாடகைக்கு இடம் பிடிச்சு இருந்தாங்க, பகல்ல அரசாங்க வேலை முடிஞ்சதும் அவங்கவங்க வேலைய பாக்கலாம். இது வந்ததும் மணி அடிச்சா எழுந்திரு, மணி அடிச்சா சாப்பிடுன்னு ஆயிடுச்சு. 600 பேருக்குன்னு கட்டினது, ஒரு கட்டத்துல 1,400 பேர் வரைக்கும் அடைச்சிருக்காங்க. முற்றத்துலயே சவுக்கடி.

மேல் மாடில தூளி கட்டின ரூம் இருக்கு. ரெண்டு பக்கமும் மரச்சட்டம், அதுல வரிசையா கான்வாஸ் தூளி, நம்ம வீட்ல புள்ளைக்கு கட்டுற மாதிரியே, ஆனா பெரிய ஆளுக்கு, ஒண்ணு அசைஞ்சா பக்கத்துல இருக்கறதும் அசையும். அதுல நாம படுத்துப் பாக்கலாம். அப்பா படுத்தாங்க, நான் வேண்டாம் எந்திரிக்க கஷ்டமா இருக்கும்னு சொல்லச் சொல்ல. ஹெட்போன்ல இருமல், குறட்டை, யாரோ முணுமுணுக்கற சத்தம் எல்லாம் வருது. கண்ண மூடி கொஞ்ச நேரம் கெடந்துட்டு, "கப்பல் அசையற மாதிரியேதான் இருக்கு" ன்னாங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது எலிங்க காப்பாத்தி வச்ச சாமானுங்க. தரைப் பலகைக்கு அடியில எலி கூடு கட்ட இழுத்துட்டுப் போன துணி, பேப்பர், கயிறு, எலும்புன்னு எல்லாம் நூறு வருஷத்துக்கு மேல காய்ஞ்சு அப்படியே இருந்திருக்கு, பின்னாடி கட்டடத்த பழுது பாக்கும்போது எடுத்திருக்காங்க. அதுல ஒரு கைதியோட சட்டை, நீல வெள்ளை கோடு போட்டது, அரசாங்க சொத்துன்னு அம்பு முத்திரை குத்தினது. கைதி சட்டைய யார் பத்திரப்படுத்துவாங்க, கிழிஞ்சா தூக்கித்தான் போடுவாங்க, ராஜா உடுப்பு உலகம் பூரா மியூசியத்துல இருக்கு, இது கெடைக்காது. அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னாடி அவசரப்படாம நில்லுங்க.

அங்க நிக்கும்போதுதான் அப்பா நம்ம ஊர் கதைய எடுத்தாங்க. மருது சகோதரர்கள 1801ல திருப்பத்தூர்ல தூக்குல போட்டாங்கல்ல, அதுக்கு அடுத்த வருஷம் அந்த சண்டைல பிடிபட்ட எழுபதுக்கும் மேல பேர, சிவகங்கை வேங்கன் பெரிய உடையணத் தேவர், சின்ன மருது பையன் துரைசாமி எல்லாரயும் தூத்துக்குடில கப்பல் ஏத்தி பினாங்குக்கு அனுப்பினாங்க. சின்ன வயசுல ஹார்பர் பக்கம் பெரியவங்க சொல்லி கேட்டதுன்னு சொன்னாங்க. அதே பிரிட்டன், அதே தீவாந்திர தண்டனை, அதே காலகட்டம். அவங்க சட்டை ஒண்ணாவது எங்கயாவது இருக்குமான்னு அப்பா கேட்டாங்க, எனக்கு பதில் வரல.

பொண்ணுங்க பகுதி கொஞ்சம் சின்னதுதான், ஏன்னா இங்க இருந்தது ஆம்பளக் கைதிங்க, பொண்ணுங்கள பரமட்டா ஃபேக்டரிக்கு, அதாவது கைதிப் பொண்ணுங்கள அடைச்சு வேலை வாங்கற இடத்துக்கு, அனுப்பினாங்க. சுமார் 25,000 பொண்ணுங்க தீவாந்திரம் வந்திருக்காங்க. இங்க இருக்கிறது 1848க்கு அப்புறம் வந்தவங்களோட கதை, இங்க கைதிங்கள வச்சிருந்த காலம் முடிஞ்சதும் இந்தக் கட்டடத்த தனியா கப்பல்ல வர்ற பொண்ணுங்க தங்கற இடமா மாத்தினாங்க, அயர்லாந்து பஞ்சத்துல அனாதையான பொண்ணுங்களும் அதுல உண்டு. வெளில சுவர் கிட்ட ஒரு நினைவுச் சின்னம் இருக்கு, கண்ணாடில அந்த அனாதைப் பொண்ணுங்கள்ல பல பேரோட பேர எழுதி. கைதிப் பொண்ணுங்க கதை வேணும்னா கான்பெரா நேஷனல் கேலரில ராஜா க்வில்ட்னு ஒரு ஒட்டுப்போர்வை இருக்கு, 1841ல ராஜாங்கிற கப்பல்ல ஹோபார்ட் போன பொண்ணுங்க வழி பூரா உக்காந்து தைச்சது, 2,815 துண்டு துணி. எலிசபெத் ஃப்ரைங்கிற அம்மா ஆரம்பிச்ச சங்கம் கப்பல் ஏறும்போது ஒவ்வொருத்தருக்கும் ஊசி, நூல், துணித் துண்டு குடுத்து அனுப்புவாங்க. துணி ரொம்ப நொந்து போனதால எப்பவும் வெளில வைக்க மாட்டாங்க, கேட்டுட்டு போங்க.

கைக்குழந்தையோட போறவங்களுக்கு ஹெட்போன் சரிப்படாது. பத்து வயசுக்கு மேல பசங்கன்னா தாராளமா கூட்டிட்டுப் போங்க, போறதுக்கு முன்னாடி ஜான் ஹட்சன் கதைய சொல்லிடுங்க. வார நாள்ல காலைல போறது நல்லது, மதியம் ஸ்கூல் பசங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. டாஸ்மேனியா போர்ட் ஆர்தர், ஃப்ரீமேன்டில் ஜெயில் எல்லாமும் நல்லாத்தான் இருக்கும் (1868ல ஹௌகமான்ட்னு கடைசி கைதிக் கப்பல் வந்து நின்னது ஃப்ரீமேன்டில்லதான்), ஆனா சிட்னில ஒரே ஒரு நாள் இருக்கிறவங்க இதுக்குப் போங்க. என் மார்க் 5க்கு 5.

சாயங்காலம் ட்ரெயின்ல வீட்டுக்கு வரும்போது சென்ட்ரல் தாண்டி அடுத்த ஸ்டேஷன் வந்துச்சு, அப்பா ஜன்னல் வழியா பேர்ப்பலகைய எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு, "ரெட்ஃபெர்ன்... அந்த டாக்டரா?" ன்னு கேட்டாங்க. அவரேதான். மெக்குவாரி அவருக்கு குடுத்த நிலம் இது. நான் இந்த ஸ்டேஷன் வழியா ஆறு வருஷமா வேலைக்குப் போய்ட்டு வரேன்.